பாலைத் தொடாத பாம்பு

சிலிபின் என்ற ஊரில் தையல் கடை வைத்திருந்த என் அத்தை, வாடகை கேட்டு வரும் கடைச் சொந்தக்காரரையே வாயால் விரட்டிவிடுவார். நாகம்மனிடம் மட்டும் அந்த வாய் அடங்கிப்போகும். கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் பிள்ளை இல்லை. வெள்ளிக்கிழமையானால் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு, பழைய ரப்பர் தோட்டத்து ஆற்றங்கரைக் கோயிலுக்குப் போய்விடுவார். எனக்கு எட்டு வயது, அங்கே தரும் பொங்கலுக்காகப் போவேன்.

அன்றைக்கு நல்ல வெயில். புற்றைவிட்டு வெளியே வராத நல்லபாம்பு, பட்டப்பகலில் சன்னதிப் படியில் நின்று படமெடுத்தது. கூட்டமும் கைபேசியை நீட்டிப் படமெடுத்தது. அத்தை அழுதேவிட்டார். பசும்பாலுக்கு எங்கே போவது? காரில் கிடந்த பெட்டிப் பாலை எடுத்து வந்து கிண்ணத்தில் ஊற்றி வைத்தார்.

பாம்பு அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எங்கள் பக்கமாகத் திரும்பி, கார்கள் நின்ற மேட்டை நோக்கி விறுவிறுவென ஊர்ந்தது.

"வழி விடுங்க, அம்மா போறாங்க," என்றார் பூசாரி.

கும்பிட்டபடி ஒதுங்கினோம். பிறகு பூசாரி உட்பட எல்லோரும் அதன் பின்னாலேயே மேடேறினார்கள்.

"பெட்டிப் பாலு வச்சா எப்படிலா குடிப்பாங்க?" என்று ஒரு அக்கா போகிறபோக்கில் சொன்னார். அத்தையின் முகம் செத்துப்போயிற்று.

"நீ போய்க் கார்ல உக்காரும்மா. நான் மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன்," என்றார்.

நான் கார்க் கதவைத் தொட்டபோது கீழே உறுமல் கேட்டது. மலையில் கொட்டிய மழை எங்களில் யாருக்கும் தெரியாது. செம்மண் தண்ணீர் மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு கரையேறியது. அத்தை கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு நொடிதான். படியும் இல்லை, அத்தையும் இல்லை.

சாவு வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். "அம்மனுக்குக் கோபம், அதான் பாலைத் தொடாம பாதியிலே போயிட்டாங்க." அத்தையைப் பெட்டியில் பார்த்தபோது எனக்கு அழுகையைவிட அவர்மேல் ஆத்திரம்தான் வந்தது. அம்மனைப் போய் இப்படிக் கோபப்படுத்துவார்களா?

அந்தப் பாம்பு ஓடியது கோபத்தில் அல்ல, பயத்தில் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.