நான் கேட்டு வாங்கின ஞாயிறு

வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் கல்லூரி. அங்கே விளையாட்டுப் பிள்ளைகளைப் பாரம் தூக்குவித்து உடம்பை உரமாக்குகிற கோச் நான். முதலில் வலைப்பந்து அணி மட்டும்தான். பிறகு நீச்சல், பிறகு தடகளம். ஒவ்வொன்றையும் பதவி உயர்வு என்று சொல்லித்தான் தலையில் கட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினேன். ஏழு நாளும் வேலை. கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் காரணமே இல்லாமல் அழுகை வரும். எட்டு வயது மகள் என்னோடு கதைக்கிறதையே குறைத்துவிட்டாள். அதுதான் என்னைச் சுட்டது.

"மெடம், ஞாயிறு ஒரு நாளாவது விடுங்கோ. எனக்கு உதவிக்கு ஒரு ஆள் வேணும்" என்று அதிபரிடம் இரண்டு வருஷம் கெஞ்சினேன். கடைசியில் ஒரு இளம் பிள்ளையை உதவிக் கோச்சாகப் போட்டார்கள். நல்ல கெட்டிக்காரி.

முதல் லீவு ஞாயிறு, மகளைக் கல்கிசைக்குக் கடல் குளிக்கக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். பஸ் வெள்ளவத்தைக்குக் கிட்ட வர வர எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அஞ்சு நிமிஷம், செல்லம். எட்டிப் பாத்திட்டு வருவம்."

மகள் என் பின்னால் இறங்கினாள்.

கல்லூரி ஜிம்முக்குள்ளே பாட்டுப் போட்டிருந்தது. பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் பாரம் தூக்குகிறார்கள். நான் நின்றால் ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். பிழை பிடிக்கலாம் என்று பார்த்தேன். முதுகு நேர், முழங்கால் சரி, எல்லாம் சரி. நான் இல்லாமலே நடக்குது! அந்த எரிச்சலை என்னவென்று சொல்ல? பாட்டை நிறுத்தினேன். "இதென்ன கலியாண வீடா?" என்று எல்லோர் முன்னாலும் அந்த உதவிக் கோச்சுப் பிள்ளையை ஏசினேன். முழுவதையும் முதலிலிருந்து நானே நின்று செய்வித்தேன். வெளியில் வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. மகள் வாசலில் இருந்த வாங்குப் பலகையில் சுருண்டு நித்திரை. கடலுக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வரவில்லை. வேலையை விடுவதாகக் கடிதம் மட்டும் வந்தது.

அதிபர் கூப்பிட்டார். ஏசுவார் என்றுதான் போனேன். "நீங்க சரியாக் களைச்சுப் போயிட்டீங்க, மிஸ்" என்றார் மெதுவாக. "வேற ஒரு ஆளைப் போடவா?"

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக.

"வேண்டாம் மெடம்" என்றேன். "நானே பாத்துக்கொள்ளுறன்."