மலை ஏரி ஒதுக்காது

கொடைக்கானலைத் தாண்டிய இந்தக் காட்டு ஏரிக்கரையில் எங்கள் கூடாரம் மட்டும் நிற்கிறது. புதுச்சேரியிலிருந்து கூட வந்த நண்பர்கள் மலையிறங்கிப் போய்விட்டார்கள். எங்களுக்குச் சமைக்க வந்த கோவிந்தன் குளிக்க இறங்கி, அதோ அந்தப் பாறையருகே மூழ்கி, இன்றோடு மூன்று நாள். தந்தி கண்டு வந்த அவர் தம்பி பெருமாள், வீராம்பட்டினத்து மீனவர், விடிந்ததிலிருந்து கரையையே பார்த்து உட்கார்ந்திருக்கிறார். சோலைமரங்கள் பனியில் கறுத்து நிற்கின்றன. தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"பொழுதுக்குள்ள வந்துடும் முசே," என்கிறார் என்னிடம்; ஐயா என்பதற்குப் புதுச்சேரியில் அப்படி. " எங்க கடலு மூணாம் நாளு ஒதுக்கிடும்."

எங்களோடு காத்திருக்கும் காட்டுக் காவலர் பீடியை அணைக்கிறார். "இது கடல் இல்லீங்க. அடித்தண்ணி அப்படிக் குளிரும், ஒடம்பு ஊதி மெதக்காது. போன வருசம் விழுந்த ஆளே இன்னும் மேல வரலீங்க."

"அண்ணிகிட்ட கூட்டியாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வெறுங்கையோட போயி நிக்கச் சொல்றியா?"

பெருமாள் எழுந்து கூடாரக் கயிறுகளை அவிழ்த்து ஒன்றோடொன்று முடிகிறார். கித்தான் மண்ணில் சரிகிறது. ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையை என்னிடம் தருகிறார்.

"ரெண்டு தரம் இழுத்தா தூக்குங்க. இழுக்கலேன்னாலும் தூக்குங்க."

பாறையிலிருந்து மூன்று முறை குதித்து, மூன்று முறையும் உதடு நீலம் பாரித்து வெறுங்கையோடு வருகிறார். நான்காம் முறை கயிறு அசையவே இல்லை. காவலரும் நானும் பதறித் தூக்குகிறோம். இருமிக்கொண்டே மேலே வருகிறார் பெருமாள். இரு கைகளும் அண்ணனைச் சுற்றி இறுகியிருக்கின்றன. கயிற்றை இழுக்க அவருக்குக் கை இல்லை.