மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் முதல் சனிக்கிழமைகள்

வக்கீல் குமாஸ்தா வேலையில் இருபத்தாறு வருடம் ஓட்டிவிட்டேன். கட்சிக்காரர்கள் மேல் எனக்கு இரக்கம் வருவது அபூர்வம். வந்தாலும் எரிச்சலோடுதான் வரும். மந்திரமூர்த்தி அண்ணாச்சி மேல் எனக்கு இருப்பது அந்த மாதிரி இரக்கம். கிறுக்குப் பிடித்த மனிதர். நல்ல மனிதரும்கூட, அதுதான் தொந்தரவு.

தூத்துக்குடி பழைய துறைமுகம் போகிற வழியில் அவருக்குக் கடை. தோணிகளுக்கு வேண்டிய கயிறு, தார்ப்பாய், பெயிண்ட் எல்லாம் கிடைக்கும். பூர்வீகம் உடன்குடிப் பக்கம். மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் தங்கப்பாண்டி நாலு வருடத்துக்கு முன்னால் லாரி மோதி இறந்தான். அவனுடைய ஒரே குழந்தை சுடலைச்செல்விக்கு அப்போது ஒன்றரை வயது. குலசாமி பெயரைச் சேர்த்து அண்ணாச்சி வைத்த பெயர்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மருமகள் ஜெயசெல்வி குழந்தையோடு ஆழ்வார்திருநகரியில் இருக்கும் பிறந்த வீட்டுக்குக் கிளம்பினாள். இருபத்தாறு வயதுப் பெண், வேறு எங்கே போவாள்? அண்ணாச்சி வாசலை மறித்துக்கொண்டு, "நீ எங்க வேணும்னாலும் போ. எம் மவன் பிள்ளைய இங்கன விட்டுட்டுப் போ" என்று கத்தியிருக்கிறார். துக்கத்தில் பேசியதுதான். ஆனால் தெருவே கேட்கப் பேசிய பேச்சை எங்கே கொண்டுபோய் அழிக்க? பிறகு இரண்டு தடவை ஆழ்வார்திருநகரிக்குப் போனார். இரண்டு தடவையும் தெருவில் நின்றுவிட்டுத் திரும்பினார்.

அப்புறம்தான் எங்கள் ஆபீசுக்கு வந்தார். வக்கீல் ஒளிக்காமல் சொன்னார்: தாத்தாவுக்கென்று சட்டத்தில் தனியாக எழுதி வைக்கவில்லை, பிள்ளைக்கு நல்லது என்று கோர்ட்டு நினைத்தால் பார்க்க விடும். வழக்கு இரண்டு வருடம் நடந்தது. மாதத்தில் முதல் சனிக்கிழமை, காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை, குடும்ப நல கோர்ட்டில் இருக்கும் குழந்தைகள் அறையில் பார்க்கலாம் என்று உத்தரவு வந்தது. மாதத்துக்கு இரண்டு மணி நேரம். அதைக் கேட்டு அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கோ யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

ஜெயசெல்வி வரவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தது அவளுடைய தம்பி செந்தூர்வேல். வாழை விவசாயம் பார்க்கிறவன். பைக்கில் முன்னால் உட்கார வைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வருவான். முதல் நாள் பிள்ளை அண்ணாச்சியைப் பார்த்ததும் வீறிட்டு அழுது மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. விட்டுவிட்டு வெளியே போய் டீ குடித்திருக்கலாம் அவன். போகவில்லை. "இது உங்க அப்பாவுக்கு அப்பா, பிள்ள. பயப்படக் கூடாது" என்று சொல்லிச் சொல்லி, அண்ணாச்சி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து விளையாடினான். ஆறாவது மாதம் பிள்ளை தானாக வந்து அண்ணாச்சியின் வேட்டி நுனியைப் பிடித்தது. அந்தப் பையனுக்கு எந்தக் கோர்ட்டும் இதையெல்லாம் செய்யச் சொல்லி உத்தரவு போடவில்லை.

அடுத்த பங்குனி உத்திரத்துக்குப் பிள்ளையைக் குலசாமி கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அண்ணாச்சி ஆசைப்பட்டார். நான்தான் மனு தயார் செய்தேன். செந்தூர்வேல் அக்காளிடம் பேசிச் சம்மதிக்க வைத்தான். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை, சாமி கும்பிட மட்டும் என்று அனுமதி கிடைத்தது. அன்று காலை பிள்ளையைக் காரில் ஏற்றிவிடும்போது அவன் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். "காதுகுத்த அடுத்த தையில வச்சிக்கிடுவோம் மாமா. கம்மல் செய்யக் கொடுத்திருக்கேன்." அண்ணாச்சியும் தலையை ஆட்டினார்.

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அந்த மடி அவனுக்கே உரியது, பெற்ற தகப்பன்கூட அதைக் கேட்க மாட்டான். அண்ணாச்சிக்கு இது தெரியாதா? நூறு காதுகுத்துக்குப் போனவர்.

கோயிலில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். காது குத்துகிற ஆசாரியும் அங்கேயே இருந்தார். "அடுத்த பங்குனிக்குப் பிள்ளைய விடுவாளோ மாட்டாளோ. சாமி முன்னால இப்பவே முடிச்சிரும்" என்று ஒரு பெரிய மனுஷர் தூபம் போட்டார். அண்ணாச்சி அங்கேயே ஒரு ஜோடிக் கம்மல் வாங்கினார். பிள்ளையைத் தன் மடியிலேயே உட்கார வைத்துக்கொண்டார். நானும் கூட்டத்தில்தான் நின்றேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிள்ளை கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது.

ஐந்து மணிக்கு ஆழ்வார்திருநகரி ரோட்டில் செந்தூர்வேல் காத்துக்கொண்டிருந்தான். பிள்ளையின் காதைப் பார்த்தான். ரத்தம் காய்ந்திருந்தது.

"யாரு மடியில மாமா?"

"என் மடியிலதான். ஆள் இல்லாமப் போச்சேன்னு..."

"ஆள் இல்லையா?" என்றான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டான்.

அடுத்த முதல் சனிக்கிழமை யாரும் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. உத்தரவை மீறினார்கள் என்று மனுப் போடலாம், போலீஸ் பாதுகாப்போடு பிள்ளையை வரவழைக்கலாம் என்றார் வக்கீல். அண்ணாச்சி அதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்கப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. செந்தூர்வேல் அவரை உட்காரச் சொன்னான், தண்ணீர் கொடுத்தான். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கடைசியில் சொன்னான்: "உங்க உரிமைய நீங்க கோர்ட்டுல வாங்கிட்டீய. எனக்கு எந்தக் கோர்ட்டு மாமா இருக்கு?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணாச்சி என்னிடம் சொன்னார், "மனு ஒண்ணும் போட வேண்டாம் வெள்ளத்துரை. போலீசு தூக்கிட்டு வார பிள்ளை என்னப் பாத்துச் சிரிக்குமாலே?"

ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் வேறு ஒரு கேசுக்காக நான் ஆழ்வார்திருநகரி போயிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த சுடலைச்செல்வி என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தாள். வளர்ந்துவிட்டாள். பல் ஒன்று விழுந்திருக்கிறது.

"மாமா, தாத்தாவுக்கு எம்மேல கோவமா?"

"ஏம்மா அப்படிக் கேக்க?"

"காது குத்தும்போது நான் கத்துனேன்லா? அதான தாத்தா என்னப் பாக்கவே வரல?"

இல்லை என்று சொன்னேன். ஒன்பது தடவையாவது சொல்லியிருப்பேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் கடைப் பக்கம் போனேன். அண்ணாச்சி கயிற்றை அளந்துகொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார்.

"ஆழ்வார்திருநகரி போனியாமே. பிள்ளையப் பாத்தியாலே?"

"இல்ல அண்ணாச்சி," என்றேன். "பாக்கல."