காட்டு டியரும் கண்ணு டியரும்

கேரளத்து மலையில் இருக்கும் ஏலப்பாறையில் காலையில் கதவைத் திறந்தால் எதிர் வீட்டைக் காணோம். அப்படியொரு பனி. அதற்குள்ளிருந்து குரல் மட்டும் வரும்: "மாரீ!" எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் என்னையும் சேர்த்துப் பாதிப் பெண்கள் மாரிகள்தாம்; எல்லோரும் ஒரே நேரத்தில் "இந்தா வாரேன்" என்போம். அதனால் இங்கே யாரையும் வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பைப்படி மாரி, ஸ்டோர் மாரி, வளைவு மாரி. சங்கரன்கோவில் வெயிலில் ஆளைப் பார்த்தே கூப்பிட்டுப் பழகிய எனக்கு, கல்யாணமாகி வந்த புதிதில் இது பெரிய வேடிக்கை.

ஊர்க்காரர்களே, அந்த வேடிக்கைதான் போன மாதம் எனக்குக் கைகொடுத்தது! தோட்ட வேலையை விட்டு ஒரு ஹோம்ஸ்டேயில் சமைத்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு விருந்தாளிகளுக்குத் தோட்டம் சுற்றிக் காட்டுகிறவர் துபாய்க்குப் போய்விட்டார். முதலாளி லிசி சேச்சி என்னைக் கூப்பிட்டார்.

"மாரி, உனக்குத் தோட்டம் நல்லா தெரியுமல்லோ. நாளைக்கு நீ இங்கிலீஷ்ல பேசிக் காட்டு. நல்லா வந்தா அந்தப் பணி உனக்கு. இல்லெங்கில் அடுக்கள தன்னே."

அடுப்படியை விட்டு வெளியே வர எனக்கு அவ்வளவு ஆசை. பள்ளிக்கூட இங்கிலீஷ் கொஞ்சம் இருந்தது. ஒன்றுபோலவே ஒலிக்கும் சொற்கள்தாம் காலை வாரின. மானும் டியர், அன்பே என்பதும் டியர். படிக்கட்டும் ஸ்டேர், முறைப்பதும் ஸ்டேர். கரடியும் பேர், வெற்று என்பதும் பேர். நான் புலம்புவதைக் கேட்டு ஜீப் ஓட்டும் என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"இதுக்கா இப்பிடி முழிக்க? மாரிகளுக்கு வச்ச மாதிரி இதுகளுக்கும் முன்னால ஒரு பேரச் சேரு."

அவ்வளவுதான், ரசத்தைக் கிண்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் பேர் வைத்தேன். காட்டு டியர், கண்ணு டியர். படி ஸ்டேர், முறைப்பு ஸ்டேர். மனம் துள்ளியது.

மறுநாள் வந்தவர்கள் வயதான வெள்ளைக்காரத் தம்பதி. சேச்சியும் பின்னாலேயே வந்தார். கொழுந்து பறிப்பது, செடியைக் கவாத்து வெட்டுவது எல்லாம் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டேன். ஒரு வளைவில் திடீரென்று மான் ஒன்று பாய்ந்ததே, எனக்கு உலகமே மறந்துவிட்டது.

"காட்டு டியர்! காட்டு டியர்!" என்று கத்திவிட்டேன்.

"காட்டு?" என்று அவர்கள் விழித்தார்கள். சேச்சி தலையில் கைவைத்தார். போச்சு, அடுப்படிதான் என்று நினைத்தேன். ஆனாலும் விடவில்லை. பனி, மாரிகள், சொற்களுக்கு வைத்த பேர் எல்லாவற்றையும் கையைக் காலை ஆட்டி விளக்கினேன். அந்த அம்மா சற்று யோசித்துவிட்டு, கணவரின் கையைப் பிடித்து இழுத்தார்.

"தென் ஹீ இஸ் கண்ணு டியர்?"

சேச்சிகூட விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு தேயிலையை யார் பார்த்தார்கள்? திரும்பும் வழியெல்லாம் சொற்களுக்குப் பேர் வைப்பதுதான்.

"பணி உனக்குத்தான்," என்றார் சேச்சி வீட்டுக்கு வந்ததும். "சேலையில குத்த ஒரு பேட்ஜ் அடிக்கணும். ஏது மாரின்னு போட?"

இங்கே எல்லோருக்கும் நான் சங்கரன்கோவில் மாரி. அம்மா வீட்டுக்குப் போனால், தெருவே "ஏலப்பாறை மாரி வந்திருக்கா" என்கிறது. இரண்டையும் போடச் சொன்னேன். பேட்ஜ் சின்னது, ஒன்றுதான் கொள்ளும் என்றார் சேச்சி. எந்த ஊரை விடவும் எனக்கு மனசு வரவில்லை.

இப்போது அதில் மாரி என்று மட்டும் இருக்கிறது. முன்னால் கொஞ்சம் இடம் விட்டு அடிக்கச் சொன்னேன்.