ஊரணிச் சுவரில் நிற்கும் ஆட்கள்

எங்கள் தெருமுனையில் ஒரு குப்பைமேடு இருக்கிறது. கார்ப்பரேஷனுக்குப் போன் போட்டுப் போட்டு அலுத்துப்போயிருந்தேன். புதுக்கோட்டைப் பக்கம் தன் மாமியார் ஊரில் சுவரில் படம் வரைந்தே குப்பையை நிறுத்திவிட்டார்கள் என்று அலுவலகத் தோழி சொன்னாள். போன பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு திருச்சியிலிருந்து கிளம்பிவிட்டேன். சுவரைப் பார்க்க இவ்வளவு தூரமா என்று அவர் முனகியதைக் காதில் வாங்கவில்லை.

காலை ஆறரைக்கு பஸ் ஏறினோம். எட்டு மணிக்குப் புதுக்கோட்டை. இட்லி சாப்பிட்டுவிட்டுத் திருவரங்குளத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, கணவருக்கு மட்டும் பத்து ரூபாய். அந்த டிக்கெட்டை அவர் நாள் முழுக்க என்னிடம் காட்டிக்கொண்டே இருந்தார். சிவன் கோயிலில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, வல்லத்திராக்கோட்டை பக்கம் போகிற ஆட்டோ பிடித்தோம். ஐந்து கிலோமீட்டர், நூற்று இருபது ரூபாய். பஞ்சாயத்தோடு பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டிருப்பதால் ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதனால் போடவில்லை.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "எந்தப் படம் பாக்கணும், சாமிப் படமா, ஆளுப் படமா?" என்றார். இரண்டும் என்றேன். முதலில் சாமிப் படத்தில் இறக்கிவிட்டார்.

அது மேலத்தெரு. பள்ளிக்கூடத்தை ஒட்டிய நீளச் சுவரில் பிள்ளையார், முருகன், வேளாங்கண்ணி மாதா, நடுவில் பிறை என்று வரிசையாக வரைந்திருக்கிறார்கள். நம் ஊர்களில் எல்லாரும் செய்வதுதான். பஞ்சாயத்து டிராக்டர் அள்ளுகிற குப்பையெல்லாம் முன்பு இந்தச் சுவரடியில்தான் விழுமாம். தெருக்காரர்கள் கைக்காசு போட்டுச் சாமிகளை வரைந்த மறுநாளே நின்றுவிட்டது. அடடா, வந்த வேலை முடிந்தது, சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிடலாம் என்று எனக்கு ஒரே குஷி.

கீழத்தெருவுக்குப் போன பிறகுதான் மீதிக் கதை தெரிந்தது. மேலத்தெருவில் நின்ற குப்பை காற்றில் கரைந்தா போகும்? டிராக்டர் நேராக ஊரணிக் கரையில் இருக்கிற சுவரடிக்கு வந்துவிட்டது. கீழத்தெருவுக்குக் குடிக்கிற தண்ணீர் அந்த ஊரணியில்தான். குழாயில் வருவது உப்பு. முதல் மழைக்குக் குப்பைச்சாறு வடிந்து ஊரணிக்குள் இறங்கியிருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு.

இதைச் சொன்னவர் சகாயமேரி. சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர், நாற்பது வயது இருக்கும், பேசும்போது கை சும்மா இருக்காது. அப்போது அவருடைய சின்ன மகளும் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாளாம். தெருப்பெண்கள் மேலத்தெருவுக்குப் போய் நியாயம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் சங்கடமாகிவிட்டது. தப்பாகிப் போச்சு, அங்கேயும் ஒரு பிள்ளையார் வரைந்து தருகிறோம் என்று பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றார்களாம். நல்ல மனதோடுதான் வந்தார்கள். சகாயமேரி வேண்டாம் என்றுவிட்டார்.

"சாமிய வரைஞ்சா இன்னைக்குக் குப்பை நிக்கும். நாளைக்குச் செருப்போட வராத, தீட்டோட வராதன்னு எங்களையும்ல நிறுத்துவாக. அப்புறம் தண்ணி எங்கிட்டுப் போய் மோக்குறது? அதான், சாமிக்குப் பதிலா நாங்களே நின்னுட்டோம்."

அப்படித்தான் நிற்கிறார்கள். காலை வெயிலில் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க, இன்னொருவர் விழுகிற நிழலைச் சுற்றி அடுப்புக்கரியால் கோடு இழுப்பார். பொங்கலுக்கு வீட்டுக்கு அடித்ததில் மிஞ்சிய பெயின்ட்டை அவரவர் கொண்டுவந்து உள்ளே பூசிக்கொள்வார்கள். அதனால் பச்சை வீட்டுக்காரர் பச்சை, ரோஸ் வீட்டுக்காரர் ரோஸ். கண்ணும் மூக்கும் மட்டும் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் வரைந்திருக்கிறாள். கீழே பெயர். இடுப்பில் குடம், கையில் பிள்ளை, ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டியபடி. அழகு என்று சொல்ல மாட்டேன், பாதிப் பேருக்குக் கழுத்தே இல்லை. ஆனால் அதற்கு முன்னால் நிற்கும்போது என் செருப்பைச் சரிசெய்துகொண்டு, புடவையை இழுத்து விட்டுக்கொண்டேன். வீட்டு வாசலில் போய் நிற்கிற மாதிரிதான் இருந்தது.

சுமையோடு வந்த டிராக்டர் டிரைவர் முருகேசன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சகாயமேரி அவர் பின்னாலேயே மொபெட்டில் போயிருக்கிறார். டிராக்டர் எந்தத் தெருவில் போய்க் கொட்டியதோ, மறுநாள் அந்தத் தெருவுக்குக் கரியும் தூரிகையுமாகப் போய் நின்றிருக்கிறார். உங்களுக்குத்தான் தீர்ந்துவிட்டதே, ஏன் அலைகிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்களுக்கு வந்த மாதிரித்தானங்க அவுகளுக்கும்" என்றார். ஒரு தெரு விடாமல் வரைந்து முடித்துவிட்டார்கள். குப்பையைப் பிரிக்க வீடுகளில்லாத பக்கம் ஒரு கொட்டகை வேண்டும் என்று எல்லாத் தெருவும் சேர்ந்து பஞ்சாயத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஒன்பதுக்குள் போங்கள், வெயில் ஏறினால் சுவர்ப் பக்கம் நிற்க முடியாது. படம் எடுக்கும் முன் கேளுங்கள், அது அவர்கள் முகம். கேன் தண்ணீர் வாங்கிப் போகாதீர்கள், கேட்டால் ஊரணித் தண்ணீரே கொடுப்பார்கள், இப்போது தெளிந்துவிட்டது. நாங்கள் இரண்டு சொம்பு குடித்தோம், ஒன்றும் ஆகவில்லை. உங்கள் தெருவில் வரைகிற எண்ணம் இருந்தால், பக்கத்துத் தெருவிலும் ஒரு வார்த்தை பேசிவிட்டு ஆரம்பியுங்கள். திரும்புவதற்குப் பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு பஸ், பஞ்சாயத்து அலுவலகத்து வாசலில் நிற்கும்.

நாங்கள் அங்கே போனபோது டிராக்டரும் அங்கேதான் நின்றது, குப்பையோடு, அலுவலகச் சுவரை ஒட்டி. நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். முருகேசன் எதிரே வேப்பமர நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஏன் இங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று என் கணவர் கேட்டார்.

"எங்கிட்டுப் போனாலும் சுவத்துல ஆளு நிக்கிறாகங்க. படம் இல்லாத சுவரு ஊருக்குள்ள இது ஒண்ணுதான்."

உள்ளே கொட்டகைக்கு இடம் ஒதுக்குவது பற்றித்தான் கூட்டம் என்றார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினார்கள். ஆனால் கரண்ட் இல்லை, ஃபேன் ஓடவில்லை போலிருக்கிறது. பஸ் வருவதற்குள் புழுக்கம் தாங்காமல் எல்லா ஜன்னலையும் மறுபடி திறந்துவிட்டார்கள்.