முட்டி பார்த்து வாங்கிய தரை

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. பழவேற்காட்டிலிருந்து படகில் ஏரியைக் கடந்தால் வரும் மீனவக் குப்பம் ஒன்றில் அப்போது குடியிருந்தோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி, நடுவில் மணல். அந்த மணல் மேல் எங்கள் ஓலை வீடு. முழங்கை ஆழம் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும், அதுவும் உப்புத் தண்ணீர்.

என் மகளுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல், போகும்போது இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். கையை ஊன்றி, முட்டியை இழுத்து இழுத்துத்தான் நகர்வாள். வாய் மட்டும் ஓயாது. வாசலில் போகிறவர்களை நிறுத்தி, என்ன மீன் பட்டது, எவ்வளவு பட்டது என்று கேட்டுவிட்டுத்தான் விடுவாள். “உம் பொண்ணுக்குக் கணக்கு சொல்லாம இந்த வழியா ஒருத்தனும் போவ முடியலடி” என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

மணல் தரையில் கிளிஞ்சல் துண்டுகள் கிடக்கும். எத்தனை தரம் சலித்துப் போட்டாலும் கிடக்கும். அவள் முட்டி இரண்டும் ஆறாத புண்ணாகவே இருந்தன. கோணித் துணி கட்டினால் அவிழ்ந்துவிடும், ரப்பர் கட்டினால் வெந்துவிடும். பொன்னேரி ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, “இப்பிடியே சீழ் புடிச்சிக்கினு இருந்தா எலும்புக்குப் போயிடும்மா. மெட்ராஸ்ல சிஸ்டருங்க விடுதி நடத்துறாங்க. இந்த மாதிரிப் புள்ளைங்கள வச்சிப் பாத்துக்கிறாங்க. வுட்டுடு” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “புள்ளைய அனுப்ப மாட்டேன். தரைய மாத்துவோம்.”

அவர் அதிகம் பேசாதவர். “மாத்துவோம்” என்றார்.

முதலில் சிமெண்ட் போட்டோம். உப்புத் தண்ணீரில் குழைத்தால் நிற்காது என்று கொத்தனார் சொன்னதால், நல்ல தண்ணீரைக் குடம் குடமாகப் படகில் கொண்டுவந்தார் வீட்டுக்காரர். சிவப்புச் சாயம் போட்டு வழவழவென்று தேய்த்தார்கள். குப்பமே வந்து பார்த்தது. ஒரு மழைக்காலம் போனதும் தரையில் மாவு தூவியதுபோல உப்புப் பூத்தது. பெருக்கினேன், மறுநாளும் பூத்தது. அப்புறம் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. அந்த ஓரங்கள் கிளிஞ்சலைவிட மோசம். அவள் அழாமல், “அம்மா, தரைக்கும் புண்ணு வந்துடுச்சி” என்றாள்.

பட்டணத்தில் தரைமேல் விரிக்கிற பிளாஸ்டிக் விரிப்பு விற்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். இறால் விற்ற காசில் சேர்த்ததை முந்தானையில் முடிந்துகொண்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, படகு, பஸ், ரயில் என்று நானும் அவரும் போனோம். பாரிமுனைப் பக்கம் ஒரு கடை. சுருள் சுருளாக நிற்க வைத்திருந்தார்கள். நான் ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தேன். கடையாளுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாம்மா தடவிக்கினே கீற? பட்டுப் பொடவையா எடுக்க வந்த? நடக்கிறதுக்குத்தான, ஏதோ ஒரு கலரைச் சொல்லு.”

“நடக்கிறதுக்கு இல்லீங்க. ஊந்து போறதுக்கு” என்றேன்.

அவன் முகம் மாறிப்போனது. உள்ளே கல்லாவில் இருந்த முதலாளி பாய் எழுந்து வந்தார். மகளைப் பார்த்தார், முட்டியில் சுற்றியிருந்த துணிக்கட்டையும் பார்த்தார். பிறகு கடையாளிடம், “எல்லாத்தையும் கீழ விரிப்பா” என்றார்.

“எல்லாத்தையுமா?”

“ஆமா. இந்தம்மா நடந்து போயிடுவாங்க. பாப்பாதான அதும்மேல இருக்கப் போவுது? அதுங்கிட்டயே கேப்போம்.”

பூப்போட்டது, கட்டம் போட்டது, மொசைக் மாதிரி புள்ளி வைத்தது என்று கடை முழுக்க விரித்தார்கள். மீன் வாடை அடிக்கும் துணியோடு என் மகளை இறக்கிவிட எனக்குக் கூச்சமாக இருந்தது. பாயே வாங்கி இறக்கிவிட்டார். அவள் ஒன்றில் ஊர்ந்தாள், முகம் சுளித்தாள். இன்னொன்றில் ஏறினாள், “சொரசொரன்னு கீது” என்றாள். வாசலில் வேறு ஆட்கள் வந்து நின்றார்கள். பாய் அவர்களைப் பார்த்து, “சித்த இருங்க, பெரிய கஸ்டமரு பாத்துக்கினு இருக்காங்க” என்றார். அவர்களும் சிரித்துக்கொண்டே நின்றார்கள்.

கடைசியில் மரப்பலகை போல அச்சடித்த ஒன்றில் ஏறினாள். வழுக்கிக்கொண்டு போனாள், திரும்பி வந்தாள். அப்படியே குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்துக்கொண்டு, “நைனா, இது படகு” என்றாள். அப்பாவோடு கடலுக்குப் போகவேண்டும் என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை அவள். அவர் சட்டென்று தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊரில் அந்தச் சிமெண்ட்டைச் சுரண்டிச் சமப்படுத்தி விரிப்பைப் போட்டோம். பசை நிற்கவில்லை. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை அவர் ஓரமெல்லாம் வரிசையாக வைத்தார். “இன்னாடி, வூட்டுக்குள்ளயே படகு கட்டிட்டீங்களா? எப்போ கடல்ல தள்ளப் போறீங்க?” என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள். அந்தக் கோடை முழுக்க என் மகள் அந்த வீட்டை ஆண்டாள். புண் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, முட்டியில் புதுத்தோல் வந்தது. ராத்திரி அவள் தூங்கியபின் அந்தத் தோலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

ஐப்பசி மழை பிடித்தது. ஏரி நிறைந்தது. தண்ணீர் வாசலுக்கு வரவே இல்லை, அடியிலிருந்து வந்தது. ஒரு காலையில் பார்த்தால் விரிப்பு நடுவீட்டில் வயிறு மாதிரி உப்பி நிற்கிறது. அவள் அதன்மேல் ஏறி, “நைனா, படகு ஆடுது!” என்று கத்திச் சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை. இணைப்புகள் வழியே கறுப்புத் தண்ணீர் கசிந்தது. துடைத்த இடம் திரும்பவும் நனைந்தது. மணல் தரையாக இருந்திருந்தால் வந்த ஈரம் வடிந்தாவது போயிருக்கும். இது போக வழியில்லாமல் அங்கேயே கிடந்து நாறியது. ஊறிப்போன முட்டியில் பழைய இடத்திலேயே புண் திறந்தது, முன்னைவிட ஆழமாக.

ஒருநாள் அவர் ஈயக்குண்டுகளை எடுத்துவிட்டு விரிப்பைத் தூக்கினார். அடியில் சிமெண்ட் சேறாகக் கரைந்து கிடந்தது. அதில் ஒரு குட்டி நண்டு ஓடியது. அவள் கைதட்டி, “அம்மா, நண்டு! நம்ம வூட்லயே நண்டு!” என்றாள். நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

காய்ச்சல் கண்டதும் மறுபடி பொன்னேரி. நர்ஸம்மா மெட்ராஸ் விடுதிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

விடுதியில் நீளமான தாழ்வாரம், முழுக்க மொசைக். என் இடுப்பிலிருந்து இறங்கியவள் தரையைக் கையால் தொட்டுப் பார்த்தாள். என்னை அண்ணாந்து பார்த்தாள். பிறகு விர்ரென்று போனாள், அந்தக் கோடி வரைக்கும் நிற்காமல். அங்கே இருந்த பிள்ளைகளிடம் போய்ப் பேச ஆரம்பித்துவிட்டாள். அழுவாள், சேலையைப் பிடிப்பாள் என்று வழியெல்லாம் மனதைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “போலாம் வா” என்றார் அவர்.

அடுத்த முறை பார்க்கப் போனபோது, “நம்ம படகு எப்பிடிம்மா இருக்கு?” என்று கேட்டாள்.

“நல்லாத்தான் கீது” என்றேன். அந்த விரிப்பை வெட்டிக் கூரை ஒழுகும் இடத்தில் போட்டிருந்தோம். மழை பெய்தால் அதில் மட்டும் சத்தம் தனியாகக் கேட்கும். அந்தச் சத்தத்தில் எங்கள் இருவருக்கும் தூக்கம் வராது. ஆனால் ஒருவரை ஒருவர் கூப்பிடமாட்டோம்.

அவள் அங்கேயே படித்தாள், வளர்ந்தாள், பட்டணத்துக்காரியாகவே ஆகிவிட்டாள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் தரையில் இறங்காமல் நாற்காலியில் உட்கார்ந்தபடி பேசிவிட்டுப் போய்விடுவாள். முன்பின் தெரியாத ஒரு கடைக்காரர் தன் கடை முழுவதையும் அவளுக்கு விரித்துக் கொடுத்தார், ஒட்டோ உறவோ இல்லாத சிஸ்டர்கள் தாழ்வாரத்தையே கொடுத்தார்கள். ஊரார் தரையெல்லாம் என் பிள்ளையைத் தாங்கியது, பெற்றவள் வீட்டுத் தரை மட்டும்தான் தாங்கவில்லை என்ற நினைப்பு, இன்றைக்கும் வீட்டுக்குள் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் என்னைக் குத்துகிறது.