அப்பாவுக்குக் குறைந்தது உப்பு

“குடிக்கிறவங்க வீட்டுல சொல்லிட்டா குடிப்பாங்க? நீ சின்னப் புள்ள... ஒனக்குத் தெரியாதும்மா.”

போன மாதம், பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு கவுண்ட்டரில் இருந்த அக்கா என்னிடம் சொன்னது இது. தமிழ் அக்காதான். பரிவோடுதான் சொன்னார். அதனால்தான் இன்னும் எரிகிறது.

பக்கத்தில் சக்கர நாற்காலியில் என் அப்பா. தலை தொங்கிக் கிடந்தது. என்னைப் பார்த்து அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாக்கு குழறியது. நிமிர்த்தி உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்தார்.

பார்க்கிறவர்களுக்கு வேறென்ன தோன்றும் என்கிறீர்களா? அதையேதான் நானும் கேட்கிறேன். ஏன் வேறு எதுவுமே தோன்றுவதில்லை? இதே நிலையில் டை கட்டிய ஒருவர் வந்திருந்தால் “ஸ்ட்ரோக்கா, சுகரா” என்று ஓடியிருப்பார்கள். மண் ஒட்டிய பூட்ஸோடு ஒரு தமிழர் வந்தால் மட்டும் பரிசோதனையே தேவையில்லை. பார்த்தவுடனே ரிசல்ட் வந்துவிடுகிறது!

என் அப்பா கெலுகோர் பக்கம் சாலையோரப் புல் வெட்டுகிறவர். முகத்துக்கு வலை, முழுக்கைச் சட்டை, முதுகில் மெஷின், தலைக்கு மேல் பினாங்கு வெயில். நான் உணவு அறிவியல் படித்த பல்கலைக்கழகத்தின் வேலியோரப் புல்லையும் அவர்தான் வெட்டினார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வாங்க வைத்தது அந்த மெஷின்.

அவர் குடிக்க மாட்டார். தாத்தா குடித்தே செத்தவர் என்பதால், ஒரு சொட்டுகூடக் கிடையாது. கல்யாண டின்னரில் பீர் ஜாடி மேசைக்கு வந்தால், தட்டைத் தூக்கிக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மேசைக்குப் போய்விடுவார். சொந்தக்காரர்கள் கிண்டல் செய்தாலும் அங்கேயேதான் இருப்பார்.

அப்படியானால் என்னதான் நடந்தது?

கொஞ்ச நாள் முன்பு அப்பாவுக்கு பிரஷர் என்று கிளினிக்கில் சொன்னார்கள். சிறுநீர் அதிகம் போக வைக்கிற ஒரு மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். குறைக்க... கவனியுங்கள். அதே வாரம் டத்தோ கிராமாட்டில் எங்கள் ஃபிளாட்டின் மேல்மாடிக்காரருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது. அம்மா பயந்துபோனார். உப்பு ஜாடி சமையல்கட்டை விட்டே போய்விட்டது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் பின்னாலேயே போயின. கூடவே ஒரு வாட்ஸ்அப் குரல் வந்தது: நிறையத் தண்ணீர் குடியுங்கள், எல்லா நோயையும் கழுவிக்கொண்டு போய்விடும். அப்பா பெரிய பெரிய போத்தல்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார். எல்லோரும் பாராட்டினார்கள்.

அன்று சாலையோரத்தில் மெஷினோடு சாய்ந்து கிடந்தவரைப் பார்த்து, கூட வேலை செய்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். “மாபோக் லா!” போதையாம். அவர்களை வேலை வாங்கும் மண்டோர் அவரை லோரியில் ஏற்றிவந்து ஃபிளாட்டின் கீழே இறக்கிவிட்டார். “தூங்க வுடுங்கக்கா, காலையில தெளிஞ்சிடும்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா எனக்கு போன் செய்தபோது நான் லிட்டில் இந்தியாவில் ஆபீஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன்.

“குடிச்ச மாதிரியே பேசறாரும்மா... ஆனா வாடையே இல்ல.”

அந்த ஒரு வாக்கியம்தான் அப்பாவைக் காப்பாற்றியது. அம்மா பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை. முகர்ந்து பார்க்க என்ன படிப்பு வேண்டும்? பக்கத்தில் போக மனம் வேண்டும், அவ்வளவுதான்.

கவுண்ட்டர் அக்காவோடு வாதாடிக்கொண்டிருந்த என் சத்தம் கேட்டு ஓர் இளம் டாக்டர் வெளியே வந்தார். வெயில் வேலை, உப்பில்லாச் சாப்பாடு, பிரஷர் மாத்திரை, போத்தல் போத்தலாகத் தண்ணீர் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவரும் குனிந்து முகர்ந்தார். உடனே ரத்தம் எடுத்தார். சோடியம் பயங்கரமாக இறங்கியிருந்தது. அப்படியே தூங்க விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம், எழுந்திருக்காமலேயே போயிருக்கலாம் என்றார்.

காலையில் தெளிந்திருப்பாராம்!

வேர்வை என்பது வெறும் தண்ணீர் இல்லை. காய்ந்த சட்டையில் வெள்ளைக் கோடு படிகிறதே... அது உடம்பிலிருந்து வெளியேறிய உப்பு. சோடியம், பொட்டாசியம் போன்ற இந்த உப்புகளைத்தான் எலக்ட்ரோலைட் என்கிறார்கள். மூளை கைக்குச் சொல்வது, கை கேட்பது, இதயம் தாளம் தப்பாமல் அடிப்பது எல்லாமே இவை சரியான அளவில் இருந்தால்தான் நடக்கும். உப்பு வெளியே போய்க்கொண்டிருக்க, உள்ளே வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால்? குழம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவது மாதிரிதான். ரத்தம் நீர்த்துப்போகிறது. மூளை வீங்குகிறது. கால் தள்ளாடுகிறது, நாக்கு குழறுகிறது. ஊர் சிரிக்கிறது.

இதில் இன்னொரு கூத்து. எலக்ட்ரோலைட் இப்போது ஃபேஷன். ஏர்கான் ஜிம்மில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, கலர் கலரான பவுடரைப் போத்தலில் குலுக்கிக் குடிக்கிறார்கள். மூன்று வேளை ஒழுங்காகச் சாப்பிட்டு, நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு அது தேவையே இல்லை. சோறு, ரசம், மோர், கீரை, வாழைப்பழம் இவற்றிலேயே கிடைத்துவிடும். தேவைப்படுகிறவர் அதே ஜிம்மின் கண்ணாடிக்கு வெளியே புல் வெட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குக் குழாய்த் தண்ணீர். கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறவர் மயங்கி விழுந்தால் எலக்ட்ரோலைட் குறைவு. வெளியே இருக்கிறவர் விழுந்தால் குடி!

வார்டில் அப்பாவுக்கு மெதுவாகத்தான் உப்பை ஏற்றினார்கள். அவசரமாக ஏற்றுவதும் ஆபத்தாம். புத்தி தெளிந்து, நடந்ததைக் கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை:

“இத்தன வருசமா குடிக்காம இருந்து இந்தப் பேரா? பேசாம ஒரு பீராவது அடிச்சிருக்கலாம்!”

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “டாக்டர் சொன்னா உப்பு வேணாம். மக சொன்னா உப்பு வேணும். நான் எதத்தான்டி போடறது?”

“கொஞ்சமா போடுங்கம்மா. கொறைக்கச் சொன்னா கொறைக்கணும். நிறுத்தச் சொல்லலயே.”

சிறுநீரோடு உப்பையும் வெளியே தள்ளிய அந்த பிரஷர் மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். உங்கள் வீட்டிலும் பிரஷர், கிட்னி, இருதயம் என்று யாராவது இருந்தால், வெயிலில் என்ன குடிக்கலாம், எவ்வளவு உப்பு சேர்க்கலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். வாட்ஸ்அப் குரலைக் கேட்காதீர்கள். அதற்கு ரத்தம் எடுக்கத் தெரியாது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை ஓர் ஆரோக்கியக் குறிப்பாக எழுதியிருப்பேன். முடியவில்லை. அப்பா வேலைக்குத் திரும்பினார். மண்டோர் மெஷினைக் கொடுக்கவில்லை. நான் போய்க் கேட்டேன்.

“தங்கச்சி, ஒங்கப்பா நல்ல மனுசன்தான். ஆனா குடிச்சிட்டு வர்றவரு கையில மெஷினக் குடுத்து, கால வெட்டிக்கிட்டா யாரு பதில் சொல்றது?”

“அவரு குடிக்கலண்ணே. ரத்தம் பாத்தாங்க. உப்பு கொறஞ்சிருச்சு.”

“உப்பா?” திரும்பித் தன் ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். “உப்பு கொறஞ்சா கொழம்பு ருசிக்காது தங்கச்சி. மனுசன் ரோட்டுலயா விழுவான்?”

“டாக்டர் ரிப்போர்ட் இருக்கு. பாருங்க.”

“பேப்பர் யாரு வேணாலும் வாங்கலாம் லா.”

“வுடும்மா” என்றார் அப்பா. “வேற மண்டோர்கிட்ட கேட்டுக்கறேன்.”

கேட்டார். “ரோட்டுல குடிச்சிட்டுக் கெடந்தாரே... அவரா?” என்று அங்கேயும் கேட்டார்கள். அப்பா போய்ச் சேரும் முன்பே அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்துவிடுகிறது. ரத்தத்தில் குறைந்த உப்பை ஆஸ்பத்திரி ஏற்றிவிட்டது. இதை யார் சரிசெய்வது?

தொழிலாளர் இலாகாவுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். வேலையைத் திரும்பக் கேட்கலாம், சம்பளப் பாக்கி கேட்கலாம் என்றார். லோரியில் ஏற்றிய அதே ஆட்களுக்கு முன்னால், “இவர் குடிக்கவில்லை” என்று மண்டோர் வாயால் சொல்ல வேண்டும் என்றேன். அப்படிக் கேட்க ஃபாரத்தில் இடமில்லையே என்று சங்கடப்பட்டார்.

கடைசிப் பக்கத்தின் அடியில் கொஞ்சம் காலியிடம் இருந்தது. அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை விசாரணை. மண்டோருக்கும் நோட்டீஸ் போய்விட்டது. நான் லீவு போட்டுவிட்டேன்.